கரி பஸ் முதல் பி.எஸ். 6 வரை: ஃபில்டரில் தங்கிய மதுரை

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற பலபேர் மெட்ரோவிலயோ ஆபீஸ் கேப்லயோ இருப்பீங்க. டீசல் ஃபில்டரைக் கையால தொட்டவங்க உங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேராத்தான் இருப்பீங்க. ஆனா இன்னைக்குக் காலையில நீங்க சாப்பிட்ட சட்னியில இருந்த தக்காளி ஏதோ ஒரு டீசல் ஃபில்டரைத் தாண்டித்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கும். இந்த எபிசோட்ல அந்த ஃபில்டரோட கதையைச் சொல்லப் போறேன். இடம் மதுரை, மாட்டுத்தாவணி.

முதல்ல பெயர். தாவணின்னா பாவாடை தாவணி இல்லை. மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிற்றுக்கும், மாடு விற்கும் சந்தைக்கும் அந்தப் பெயர் உண்டு. அப்படி மாட்டுச் சந்தையின் பெயரைத் தாங்கிய இடத்தில்தான் 1999-ல் மதுரையின் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் வந்தது. காய்கறி மார்க்கெட், பூ மார்க்கெட், ஆம்னி பஸ் நிலையம் எல்லாமே இப்போ அதைச் சுத்தித்தான். மாட்டு வண்டி காலத்துல வண்டி நின்னா மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. இப்போ வண்டி நின்னா டீசல்ல தண்ணி இருக்கான்னு பார்க்கிறாங்க.

விடியற்காலையில அங்கே போனீங்கன்னா டாடா 407 மாதிரி வண்டிகள் வரிசையா நிக்கும். 407 முதன்முதல்ல 1986-ல் வந்த மாடல். அந்தக் குடும்பத்து வண்டிகள்ல வயசானதுங்க இன்னும் நிறைய ஓடிக்கிட்டிருக்கு. அதுல ஒண்ணு மல்லிகைப் பூ மூட்டைகளோட வருதுன்னு வைங்க. மல்லி மொட்டா வந்து சேர்ந்தாத்தான் விலை. மலர்ந்துட்டா விலை இறங்கிடும். வண்டி வழியில ரெண்டு மணி நேரம் நின்னுட்டா, பறிச்சவங்க கூலி, பூ வச்சவர் வரவு, டிரைவர் வாடகை எல்லாத்துலயும் அடி விழும்.

சரி, வண்டி நின்னுடுச்சு. மெக்கானிக் வர்றார், ஃபில்டரை மாத்துறார், வண்டி ஓடுது. எல்லாருக்கும் நிம்மதி. மூணாவது நாள் அதே வண்டி அதே மாதிரி நிக்குது. ஏன்? ஃபில்டர் அடைச்சுக்கிட்டது ஃபில்டரோட குத்தம் இல்லை. பிடிக்கறதுதான் அதோட வேலை. அது எதைப் பிடிச்சது, அந்த அழுக்கு எங்கே இருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காம ஃபில்டரை மட்டும் மாத்தினா, சாட்சியைக் குப்பையில போட்டுட்டு வழக்கை முடிச்ச மாதிரி.

மதுரையில வண்டி ஓட்டினவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. எண்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. ஒவ்வொரு காலத்துலயும் அழுக்கு மட்டும் வேற வேற.

கரியில் ஓடிய பஸ்

1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தைத்தான் நாம் டி.வி.எஸ். என்று சொல்கிறோம். திருக்குறுங்குடியில் பிறந்தவர். பஸ் தொழிலில் இறங்கி, மதுரையை மையமாக வைத்து வளர்ந்தார். அவரைப் பத்தித் தென் மாவட்டங்கள்ல இன்னைக்கும் ஒரு விஷயம் சொல்லுவாங்க. சாலையில் கிடக்கும் ஆணிகள் பஸ் டயரைக் கிழிக்கின்றன என்பதற்காக, காந்தம் பொருத்திய வண்டியை ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம். பஞ்சர் ஒட்டுறது ஒரு வேலை. பஞ்சர் எதனால வருதுன்னு பார்த்து அதைச் சாலையில இருந்தே எடுக்கிறது வேற வேலை. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நிற்க வேண்டிய நிலை. அப்போது சுந்தரம் அய்யங்கார் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியைத் தயாரித்தார். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியிலிருந்து வாயு எடுத்து அதில் பஸ்ஸை ஓட்டும் ஏற்பாடு. போர்க் காலத்தில் ஐரோப்பாவிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் இதே தத்துவத்தில் வண்டிகள் ஓடின.

வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். ஒரு உருளைக்குள் கரியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். காற்றைக் குறைவாக விடுவார்கள். கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயு எரியக்கூடியது. அதைக் குளிர வைத்து, சுத்தம் செய்து, காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்ப வேண்டும்.

இந்த 'சுத்தம் செய்து' என்ற இடத்துலதான் நம்ம கதை ஆரம்பிக்குது. கரி வாயு தனியா வராது. சாம்பலும் கரித்தூளும் தாரும் சேர்ந்து வரும். வடிகட்டி இல்லேன்னா அது எல்லாம் சிலிண்டருக்குள்ள போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வடிகட்டி இருந்தா, அது அடைச்சுக்கும். அடைச்சதும் வாயு வரத்து குறையும். பெட்ரோலோட ஒப்பிட்டா கரி வாயுல ஏற்கனவே சக்தி கணிசமா குறைவு. அதுலயும் வரத்து குறைஞ்சா மேட்டுல பஸ் ஏறாது.

இன்னைக்கு ஒரு பழைய டீசல் வண்டியில நாம பார்க்கிற அத்தனையும் இங்கேயே இருக்கு பாருங்க. சமதளத்துல ஓடும், ஏத்தத்துல திணறும். நிறுத்திச் சுத்தம் பண்ணினா சரியாகும், மறுபடி அடைக்கும். ஆனா கரி பஸ்ல அழுக்கு எங்கே இருந்து வருதுங்கிறதுல மர்மம் எதுவும் இல்லை. எரிபொருளே அழுக்கு. அதனால தினம் சுத்தம் பண்றதைத் தவிர வேற வழி கிடையாது.

தலைமுடியை விட மெல்லிய இடைவெளி

போருக்குப் பிறகு டீசல் வந்தது. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் என்ஜினை 1897-லேயே வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் அது சாலைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. காரணம் என்ஜின் இல்லை, எரிபொருள் போகும் வழி.

டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள்ள சரியான நொடியில, சரியான அளவு டீசலைப் பனி மாதிரி தெளிக்கணும். டீசலோட காலத்துல அதுக்குப் பெரிய காற்று அமுக்கி தேவைப்பட்டது. கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் அது சரி. லாரியில எங்கே வைக்கிறது? ராபர்ட் போஷ் நிறுவனம் 1922-ல் இதற்கான பம்ப்பை உருவாக்கும் வேலையில் இறங்கி, 1927-ல் தொடர் உற்பத்தியைத் தொடங்கியது. டீசல் லாரியும் பஸ்ஸும் உலகம் முழுக்கப் பரவ அந்தச் சின்ன பம்ப்தான் வழி திறந்தது.

இந்தியாவில் அந்த பம்ப்பைத் தயாரிக்க 1951-ல் பெங்களூரில் மைக்கோ தொடங்கப்பட்டது. பழைய மெக்கானிக்குகள் இன்னைக்கும் 'மைக்கோ பம்ப்'னுதான் சொல்லுவாங்க. நிறுவனத்தின் பெயர் 2008-ல் போஷ் என்று மாறிவிட்டாலும் நாக்குல பழகினது மாறலை. அதே காலத்தில் வண்டிகளும் வந்தன. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தன.

இப்போ அந்த பம்ப்புக்குள்ள போவோம். உள்ளே ஒரு பிளஞ்சர் ஒரு குழாய்க்குள்ள மேலும் கீழும் போகும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான். உங்க தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். அதைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி. அங்கே ரப்பர் சீல் எதுவும் இல்லை. இரும்போட இரும்பு பொருந்தி இருக்கிற நேர்த்திதான் சீல். அதுக்கு மசகும் தனியா கிடையாது, உள்ளே போற டீசல்தான் மசகு. நேரடியா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற பழைய என்ஜின்கள்ல நாசில் திறக்கிற அழுத்தம் 200 பார் அளவுல இருக்கும். உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம். அப்போ கணக்குப் போட்டுக்கங்க.

இதுக்குள்ள ஒரு மண் துகள் போனா என்ன ஆகும்? பிளஞ்சர்ல கீறல் விழும். கீறல் வழியா அழுத்தம் கசியும். தண்ணி போனா துரு பிடிக்கும், மசகும் போயிடும். அதனாலதான் பம்ப்புக்கு முன்னாடி ஃபில்டர். பழைய லாரி, பஸ்ஸில பெரும்பாலும் ரெண்டு இருக்கும். முதல்ல பெரிய அழுக்கைப் பிடிக்க ஒண்ணு, அடுத்தது நுண்ணிய அழுக்கைப் பிடிக்கக் காகிதத்துல மடிச்சுச் செஞ்சது. விலை மலிவான ஒரு காகிதம், விலை உயர்ந்த ஒரு பம்ப்புக்குக் காவல்.

தேடுறதுக்கு ஒரு வரிசை இருக்கு

கரி பஸ்ல அழுக்கு எங்கே இருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும்னு சொன்னேன் இல்லையா? டீசல்ல அப்படி இல்லை. டேங்க்ல இருந்து நாசில் வரைக்கும் எங்கே வேணும்னாலும் இருக்கலாம். அதனால தேடுறதுக்கு ஒரு முறை உருவாச்சு. நல்ல மெக்கானிக் நேரா பம்ப்பைக் கழட்ட மாட்டார். மலிவானதுல இருந்து, டேங்க் பக்கத்துல இருந்து ஆரம்பிப்பார்.

முதல்ல டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ளே வரணும். மூடியில இருக்கிற சின்னத் துளை மண்ணு அடைச்சுக்கிட்டா காத்து வராது. டேங்க்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி, டீசல் வர மறுக்கும். வண்டி கொஞ்ச தூரம் நல்லா ஓடும், நிக்கும், பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தா மறுபடி ஓடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்'ஸுனு காத்து உள்ளே இழுத்தா, விஷயம் அங்கேயே முடிஞ்சது. ஒரு ஊசி போதும்.

அடுத்தது டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல இருக்கிற குழாய். இதுல ஒரு வேடிக்கை உண்டு. இது உறிஞ்சுற பக்கம். இங்கே ஓட்டை இருந்தா பல நேரம் டீசல் வெளியே ஒழுகாது, காத்து உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆனா வண்டி 'ஏர் எடுக்கும்'. ஐடிலிங்ல வேகம் தானா ஏறி இறங்கும். ராத்திரி முழுக்க நின்னா காலையில ஸ்டார்ட் ஆகாது. குழாயோட ஒரு பகுதியை எடுத்துட்டுக் கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் டியூபைக் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தா, குமிழி போறது கண்ணுக்குத் தெரியும்.

டேங்க் பக்கம் கோளாறா, என்ஜின் பக்கம் கோளாறான்னு பிரிக்க இன்னும் ஒரு வழி இருக்கு. சுத்தமான கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி, என்ஜினை விட உயரத்துல பத்திரமா கட்டி, அதுல இருந்து நேரா ஃபீட் பம்ப்புக்குக் குழாய் கொடுக்கிறது. வண்டி ஒழுங்கா ஓடிச்சுன்னா டேங்க், மூடி, குழாய் இதுலதான் கோளாறு. அப்பவும் ஓடலேன்னா ஃபீட் பம்ப், ஃபில்டர், பம்ப்னு மேல போகலாம். சாகசம் ஒண்ணும் இல்லை, நோயாளியை ரெண்டு பாதியாப் பிரிச்சு எந்தப் பாதியில வலின்னு கேக்கிறது.

ஃபில்டர் அடைச்சா அறிகுறி பெரும்பாலும் இழுவையில தெரியும். காலியா ஓடும்போது டீசல் கொஞ்சம்தான் வேணும், அடைச்ச ஃபில்டரே போதும். பாரத்தோட வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போதுதான் முழு வரத்து வேணும். அப்பத்தான் பற்றாக்குறை தெரியும். டிரைவர்கள் 'இழுவை இல்லை'னு சொல்றது இதைத்தான். போர்க் காலத்துக் கரி பஸ் டிரைவருக்கும் அதே பேச்சுதான்.

ஃபில்டரை மாத்தினதும் உள்ளே காத்து நிறைஞ்சிருக்கும். கை பம்ப்பை அடிச்சு, ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்னு சுத்த டீசல் வர்ற வரைக்கும் காத்தை எடுக்கணும். அப்புறம் பம்ப்புல இருக்கிற ஸ்க்ரூ. அதுக்கும் மசியலேன்னாத்தான் நாசில் பைப். ஆர்வத்துல என்ஜின் ஓடும்போது நாசில் பக்கம் விரலை வச்சுப் பார்த்துடாதீங்க. அந்த அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். பார்க்கச் சின்னப் புள்ளியா இருக்கும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம்.

டெப்போவின் டீசல், தெருவின் டீசல்

1972-ல் தமிழ்நாட்டில் பஸ் போக்குவரத்து அரசுக் கழகங்களின் கைக்கு வந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், மதுரையில் பாண்டியன் ரோடுவேஸ். டி.வி.எஸ். ஓட்டிய பஸ்கள் அரசு பஸ்கள் ஆயின. 1997-ல் இந்தப் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டு, மதுரையிலும் கோவையிலும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது.

பெயர் மாறினாலும் ஒண்ணு மாறலை. அரசு பஸ்ஸுக்கு டெப்போவுலயே டீசல் நிரப்பும் வசதி உண்டு. ஒரு பஸ்ஸோட ஃபில்டர் மட்டும் அடைச்சா அந்த பஸ் டேங்க்ல கோளாறு. ஒரே டெப்போவுல பத்து பஸ் ஒரே நேரத்துல அடைச்சா டெப்போ தொட்டியில கோளாறு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வாய்ப்பு இருக்கு. அழுக்கைப் பின்தொடர்ந்து போனா, அது எங்கே இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கலாம்.

ஒரே ஒரு வண்டி வச்சிருக்கிறவருக்கு? இன்னைக்குத் திருமங்கலம், நாளைக்கு நத்தம், அடுத்த நாள் மேலூர். எங்கே நிரப்பின டீசல்ல கோளாறுன்னு எப்படிச் சொல்வார்? அவர் கையில இருக்கிற ஒரே சாட்சி ஃபில்டர்தான். ஆனா ஒரு காலகட்டத்துல அந்தச் சாட்சியும் வாயைத் திறக்கலை.

ஃபில்டர் பிடிக்காத அழுக்கு

மண்ணெண்ணெய் ரேஷன் கடையில் ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்கும் மானிய விலையில் கிடைத்தது. டீசல் அதைவிடப் பல மடங்கு விலை. பார்க்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. கலந்தா கண்டுபிடிக்கிறது கஷ்டம். அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? நாடு முழுக்க நடந்தது.

மண்ணெண்ணெயைக் காகித ஃபில்டர் பிடிக்காது. அது மண் இல்லை, தண்ணி இல்லை, டீசலோட டீசலா கலந்து போயிடும். போய் என்ன பண்ணும்? அது டீசலை விட மெல்லியது, வழவழப்பும் குறைவு. மசகா இருக்க வேண்டிய எரிபொருள் மசகா இல்லாமப் போனா பிளஞ்சர் தேயும். தேய்ஞ்ச பம்ப்போட அறிகுறி ரொம்ப விசித்திரமானது. காலையில குளிர்ச்சியா இருக்கும்போது ஸ்டார்ட் ஆகும். நல்லா ஓடிச் சூடான வண்டியை டீக்கடையில நிறுத்திட்டு வந்து மறுபடி போட்டா ஸ்டார்ட் ஆகாது. சூட்டுல எரிபொருள் இன்னும் மெல்லிசாகி, தேய்ஞ்ச இடைவெளி வழியா நழுவிடும். ஸ்டார்ட்டர் சுத்துற மெதுவான வேகத்துல பம்ப்பால அழுத்தம் கட்ட முடியாது. பம்ப் மேல ஈரத்துணி போட்டுக் குளிர வச்சா ஸ்டார்ட் ஆகும். டிரைவர் ஃபில்டரை மாத்திக்கிட்டே இருப்பார், ஃபில்டர் சுத்தமாவே இருக்கும்.

காகிதத்தால் முடியாததை அரசு வேறு வழிகளில் செய்ய முயன்றது. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்தார்கள். சாயத்தை நீக்கும் வழிகளையும் கலப்படக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கண்ணுக்குத் தெரியாத அடையாள வேதிப்பொருள் ஒன்றைக் கலக்கும் திட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிடப்பட்டது. கடைசியா மிஞ்சினது மனுஷங்கதான். பங்க்குக்கு நேர்ல போய் மாதிரி எடுத்துப் பார்க்கிற அதிகாரிகள்.

மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பங்க்குகளுக்கு சீல் வைத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எண்ணெய்க் கலப்படத்தைத் தட்டிக் கேட்டதற்காக உயிரோடு எரிக்கப்பட்டார்.

இது மதுரையில நடந்தது இல்லை. ஆனா எங்கேயோ ஒரு மெக்கானிக் 'நாசில் போச்சு, பம்ப் போச்சு, எட்டாயிரம் ஆகும்'னு சொல்ற அந்தச் சின்னக் கணக்கோட மறுமுனை இதுதான். ஃபில்டர் நிறுத்த முடியாததை நிறுத்தப் போனவங்க உயிரைக் கொடுத்திருக்காங்க.

பிறகு நிலைமை மாறியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ரேஷன் மண்ணெண்ணெயின் விலை படிப்படியாக உயர்ந்தது, ஒதுக்கீடும் குறைந்தது. கலப்படத்துக்குத் தீனி போட்ட விலை இடைவெளி சுருங்கியது. சாலையில ஆணி கிடக்கிற காரணத்தையே எடுத்த மாதிரின்னு சொல்லலாம். ஆனா அந்த ஆணியை எடுத்தப்போ, மண்ணெண்ணெயையே நம்பி அடுப்பு எரிச்ச வீடுகளும் அதிக விலை கொடுக்க வேண்டி வந்துச்சு. அதையும் சொல்லாம இந்தக் கதை முடியாது.

சுத்தமான டீசல், வயசான சீல்

இப்போ கடைசிக் கட்டம். 1990-களில் இந்திய டீசலில் கந்தகம் 10,000 பி.பி.எம். வரைக்கும், அதாவது ஒரு சதவீதம் வரைக்கும் இருந்தது. பி.எஸ். 3-ல் அது 350, 2017-ல் நாடு முழுக்க வந்த பி.எஸ். 4-ல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6-ல் வெறும் 10. நம்ம நுரையீரலுக்கு நல்ல செய்தி. பழைய வண்டிக்கு?

கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில், டீசலுக்கு இயற்கையாக இருந்த வழவழப்பும் கொஞ்சம் போய்விடும். அதை ஈடுகட்ட வேறு பொருள் சேர்க்கிறார்கள், அதற்குத் தர நிர்ணயமும் இருக்கிறது. அதனால பம்ப்பைப் பத்தி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஆனா பழைய ரப்பர் சீல்கள் கதை வேற. பல வருஷம் ஒரு மாதிரி டீசல்ல ஊறி, உப்பிப் பழகின சீல், டீசலோட கலவை மாறினா சுருங்கலாம். அமெரிக்காவில் 1993-ல் குறைந்த கந்தக டீசல் வந்தபோது பழைய வண்டிகளில் சீல் கசிவுப் புகார்கள் எழுந்தன. சுருங்கின சீல் வழியா டீசல் கசியும், இல்லேன்னா காத்து உள்ளே போகும். அதனால இன்னைக்கு ஒரு இருபது வயசு வண்டி ஏர் எடுத்தா, சீல், காப்பர் வாஷர், ரப்பர் குழாய் மூணையும் புதுசாக்கிப் பார்க்கிறது நல்லது. மொத்தச் செலவு பம்ப்பைக் கழட்டி பெஞ்ச்ல போடுற செலவுல ஒரு சின்னப் பங்குதான்.

கரி பஸ்ல எரிபொருள் அழுக்கு. அப்புறம் தண்ணியும் மண்ணும் துருவும். அப்புறம் பக்கத்துல இருந்தவன் கலந்த அழுக்கு. இப்போ எரிபொருள் சுத்தம், வண்டிதான் பழசு. ஆக, எண்பது வருஷத்துல கோளாறு டீசல்ல இருந்து மெல்ல மெல்ல வண்டிக்கே நகர்ந்து வந்திருக்கு.

வண்டிகளும் போய்க்கிட்டிருக்கு. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்யும் விதியை மத்திய அரசு கொண்டு வந்தது. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். புது வண்டிகள்ல கணினி கோளாறைக் குறியீடாச் சொல்லும். நல்லதுதான். ஆனா பழைய வண்டியை நம்பிப் பிழைக்கிற பூக்காரருக்கும் காய்கறிக்காரருக்கும் அந்தக் கணினி கிடையாது. அவங்களுக்கு இந்தத் தேடுற முறைதான் துணை.

அதனால ஒரே ஒரு வேலை சொல்லிட்டுப் போறேன். அடுத்த தடவை வீட்டுலயோ தெரிஞ்சவங்க கிட்டயோ பழைய டீசல் வண்டிக்கு ஃபில்டர் மாத்தினா, பழசைத் தூக்கிப் போட விடாதீங்க. அதை நிமித்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல உள்ளே இருக்கிறதை ஊத்துங்க. கொஞ்ச நேரம் வைங்க. அடியில தனியா ஒரு படலம் நின்னா அது தண்ணி. டேங்க் அடியைத் திறந்து வடிங்க, ராத்திரி டேங்க்கைக் காலியா நிறுத்தாதீங்க, காலி இடத்துல இருக்கிற காத்தோட ஈரம்தான் குளிர்ந்து தண்ணியாகுது. தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கறுப்பா வழவழன்னு இருந்தா அது அங்கே வளர்ற நுண்ணுயிர். டேங்க்கையே கழுவணும்.

அப்புறம் காகிதத்தை வெட்டி விரிச்சுப் பாருங்க. பழுப்புத் தூள்னா டேங்க் துருப்பிடிக்குது. மண்ணுன்னா மூடி சரியில்லை, இல்லேன்னா டீசல் ஊத்தின புனல் சரியில்லை. உலோக மினுமினுப்புன்னா ஃபீட் பம்ப் தேயுது. காகிதம் சுத்தமா இருந்தும் வண்டி நிக்குதுன்னா, ஃபில்டரை விட்டுட்டுக் காத்தையும் பம்ப்பையும் சந்தேகப்படுங்க. டீசல் மேலேயே சந்தேகம்னா பங்க்கிலேயே டென்சிட்டி பார்க்கச் சொல்லிக் கேளுங்க. அன்னைக்கு எழுதி வச்ச அளவுக்கும் உங்க முன்னாடி பார்க்கிற அளவுக்கும் 3-க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்கிறது உங்க உரிமை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கப் போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.